போமலின் போத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடலில் இருந்து வெட்டி எடுத்த துண்டை எதில் போடுவது, ஏன், எவ்வளவு நேரம்? சுற்றிச் சுற்றி இதே கேள்விகள்தான் வருகின்றன. திருகோணமலை, கிண்ணியா, மூதூர், கந்தளாய்ப் பக்கத்துத் தாதியரும் தியேட்டர் உதவியாளரும் கேட்டவை சில. கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்து மாணவர் கேட்டவை சில. போத்தலும் கையுமாக வந்து நின்ற உறவினர் கேட்டவை சில. இழைய ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவன் என்ற அளவில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது, என்ன சிகிச்சை என்பதெல்லாம் உங்கள் வைத்தியரிடம் கேட்க வேண்டியவை.

துண்டை எடுத்தவுடன் ஏன் ஒரு திரவத்தில் போட வேண்டும்? பத்து நிமிடம் பொறுத்தால் என்ன?

இரத்த ஓட்டம் நின்றதும் கலம் தன்னையே தின்னத் தொடங்குகிறது. உயிரோடு இருக்கும்போது சிறு பைகளுக்குள் அடைபட்டுக் கிடந்த நொதியங்கள் வெளியே வந்து, கலத்தின் சொந்தப் புரதங்களையே கரைக்கின்றன. பற்றீரியாக்கள் அதன் பிறகுதான் வந்து சேர்கின்றன. சதையி, குடலின் உட்சுவர், மூளை போன்றவை மிக வேகமாகக் கெடும். தோலும் நாரிழையமும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

நம் ஊருக்கு இதில் ஒரு தனிப் பாடம் இருக்கிறது. நொதியம் சூட்டில் வேகமாக வேலை செய்யும். கச்சான் வீசுகிற மாதங்களில், குளிரூட்டி இல்லாத அறையின் மேசையில் விட்ட துண்டுக்குப் பத்து நிமிடம் என்பது சின்ன விடயம் அல்ல. பாடநூல்களில் ‘அறை வெப்பநிலை’ என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 20 பாகையைச் சுற்றியது. அந்த அறை நம் அறை இல்லை.

இந்த அழிவை நிறுத்தி, கலங்களை இருந்த நிலையிலேயே பிடித்து வைக்கிற திரவத்தைத்தான் நிலைப்படுத்தி என்கிறோம், போமலின் அவற்றில் ஒன்று. அதன் பிறகு துண்டை மெழுகில் பதித்து, மெல்லிய சீவலாக வெட்டி, சாயமிட்டு நுணுக்குக்காட்டியில் பார்க்கிறோம். சாயம் சரியாகப் பிடிக்காவிட்டால் இன்னொரு சீவல் வெட்டித் திரும்பச் சாயமிடலாம். மெழுகில் கோணலாகப் பதிந்தால் உருக்கித் திரும்பப் பதிக்கலாம். நிலைப்படுத்துவது பிழைத்தால் திரும்பச் செய்ய வழியே இல்லை. அறிக்கை தெளிவாக வராதபோது ஆய்வுகூடத்தைத் திட்டுகிறார்கள். என் கணிப்பில், பாதிக் கதை துண்டு எங்கள் கதவுக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

கருவாடு போடுவது மாதிரித்தானே இதுவும்?

இல்லை. உப்பும் வெயிலும் மீனில் உள்ள நீரை இழுத்துவிடுகின்றன, அதனால் கிருமி வளர முடிவதில்லை. போமலினில் உள்ள போமல்டிஹைட் என்ற பொருள் புரதங்களின் அமினோக் கூட்டங்களைப் பிடித்து, ஒரு புரதத்துக்கும் அடுத்ததுக்கும் இடையே காபன் அணு ஒன்றால் ஆன சிறு பாலம் போடுகிறது. நொதியமும் ஒரு புரதம்தான் என்பதால் அதுவும் கட்டுண்டு வேலையை நிறுத்திவிடுகிறது.

எல்லா நிலைப்படுத்தியும் இப்படிப் பாலம் போடுவதில்லை. எதனோல், மெதனோல், அசற்றோன் ஆகியவை புரதத்தைச் சுற்றியுள்ள நீரைப் பறித்து அதைத் திரளச் செய்கின்றன. வேகமான வேலை, ஆனால் துண்டு சுருங்கிக் கடினமாகும். அசற்றிக் அமிலம் கருவைத் தெளிவாகக் காட்டும், ஆனால் நார்களை ஊதவைக்கும். ஒன்று சுருக்க, மற்றது ஊதவைக்க, இரண்டையும் கலந்தால் ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்யும். பழைய கலவைகளில் பல இந்தக் கணக்கில் பிறந்தவை. கார்ணோய்த் திரவம் நல்ல உதாரணம்: எதனோல் 60 பங்கு, குளோரோபோம் 30, அசற்றிக் அமிலம் 10.

10 வீதப் போமலின் என்றால் 10 வீதப் போமல்டிஹைட்டா?

மாணவர் அதிகம் தடுமாறுகிற இடம் இது. போமல்டிஹைட் ஒரு வாயு. அதை நீரில் 37 முதல் 40 வீதம் வரை கரைத்து விற்கிறார்கள். அந்தக் கரைசலின் பெயர்தான் போமலின். அதில் ஒரு பங்கை ஒன்பது பங்கு நீருடன் கலந்தால் 10 வீதப் போமலின். ஆக, உள்ளே உண்மையில் இருக்கும் போமல்டிஹைட் 4 வீதம் அளவுதான்.

ஒரு லீற்றர் தயாரிக்க: போமலின் 100 மில்லிலீற்றர், காய்ச்சி வடித்த நீர் 900 மில்லிலீற்றர், ஒற்றைநீர்ச் சோடியம் இருஐதரசன் பொசுபேற்று 4 கிராம், நீரற்ற இருசோடியம் ஐதரசன் பொசுபேற்று 6.5 கிராம். pஎச் 7-க்குப் பக்கத்தில், அதாவது அமிலமும் காரமும் இல்லாத நடுநிலையில், நிற்கும். பொசுபேற்று வாங்கும்போது லேபிளில் ‘நீரற்ற’ என்று இருக்கிறதா, நீர் சேர்ந்த வகையா என்று பாருங்கள். இரண்டுக்கும் நிறை வேறு.

கடையில் வாங்கிய போமலினை நேரடியாக ஊற்றினால் இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. நடப்பது எதிர்மாறு. வெளிப்புறம் இறுகிவிடும், உள்ளே போகிற வழி அடைபடும், நடுப்பகுதி அழுகும்.

போத்தலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது, ஊற்றிவிடலாமா?

அது பராபோமல்டிஹைட். போமல்டிஹைட் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டதால் வந்தது. குளிரில் அதிகம் வரும், ஆகவே செறிந்த போமலினைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டாம். இதைத் தடுக்கத்தான் உற்பத்தியாளர்கள் 10 முதல் 15 வீதம் மெதனோல் சேர்க்கிறார்கள். நிறையப் படிந்துவிட்டால் கரைசலின் பலம் குறைந்துவிட்டது என்று பொருள், புதிதாக வாங்குங்கள்.

அந்தப் பொசுபேற்று இல்லாமல் வெறும் நீரில் கலந்தால் என்ன குறை?

நாள்பட்ட போமலினில் போமிக் அமிலம் சேர்கிறது. கரைசல் அமிலமானால் அது இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஈம் என்ற பொருளோடு சேர்ந்து கபிலமும் கறுப்பும் கலந்த மணிகளாக இழையம் முழுக்கப் படியும். இரத்தம் நிறைந்த மண்ணீரலிலும் ஈரலிலும் இது மோசமாகத் தெரியும்.

வெறும் அழகுக் குறை என்று இதை விட்டுவிட முடியாது. மலேரியாக் கிருமி விட்டுச்செல்லும் நிறப்பொருளும் ஏறத்தாழ இதே தோற்றம்தான். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஆனாலும் வெளிநாட்டில் இருந்து நோயைக் கொண்டுவருபவர்கள் இருக்கிறார்கள். உலர்வலயத்தில் வேலை செய்யும் ஒருவர் ஒரு மண்ணீரல் சீவலில் கறுப்பு மணியைப் பார்த்துவிட்டு, ‘இது எங்கள் கலவையின் குற்றமா, நோயா’ என்று யோசிக்க வேண்டிய நிலை வரக்கூடாது. வந்துவிட்டால், சாயமிடுவதற்கு முன் அற்ககோலில் நிரம்பக் கரைத்த பிக்ரிக் அமிலத்தில் சீவலை வைத்து மணிகளை அகற்றலாம். முன்பு பொசுபேற்றுக்குப் பதிலாகப் போத்தலின் அடியில் சலவைக்கல் (மார்பிள்) துண்டுகளைப் போட்டு அமிலத்தைச் சமன் செய்தார்கள்.

எவ்வளவு ஊற்ற வேண்டும்? எப்படிப்பட்ட போத்தல்?

துண்டின் கனவளவைப் போலக் குறைந்தது பத்து மடங்கு, முடிந்தால் இருபது மடங்கு. துண்டு நனைந்தால் போதும் என்பது தவறு. புரதங்கள் போமல்டிஹைட்டை எடுக்க எடுக்கக் கரைசல் பலவீனமாகும், கசியும் இரத்தமும் அதை மேலும் நீர்க்கவைக்கும்.

போத்தலின் வாய் அகலமாக இருக்கட்டும். மிருதுவாக உள்ளே போன துண்டு இறுகிய பிறகு அதே வாயால் வெளியே வராது. ஜாம் போத்தலுக்குள் கருப்பையை அமுக்கி அனுப்பினால், எடுக்கப் போத்தலை உடைக்க வேண்டியதுதான், அல்லது உறுப்பைச் சிதைக்க வேண்டியதுதான். சுவரோடு நெரிந்து இறுகிய உறுப்பு அந்த வடிவத்திலேயே நின்றுவிடும், அளவெடுக்கவும் முடியாது.

அடியில் ஒட்டிக்கிடக்கும் துண்டுக்குக் கீழிருந்து திரவம் ஏறாது, ஒரு துண்டு கோஸ் துணியை அடியில் போடுங்கள். நுரையீரலும் கொழுப்பும் மிதக்கும், அவற்றின் மேல் போமலினில் நனைத்த துணியை மூடுங்கள். பெயரையும் இலக்கத்தையும் போத்தலின் உடம்பில் எழுதுங்கள், மூடியில் வேண்டாம். மூடிகள் மாறும். கண்ணாடி ஸ்லைட் என்றால் பென்சிலால் மட்டும் எழுதுங்கள், பேனை மை அற்ககோலில் கரைந்து போய்விடும்.

எத்தனை மணி நேரம் ஊற வேண்டும்?

இதில் இரண்டு வேகங்கள் இருக்கின்றன. உள்ளே நுழைவது ஒன்று, பிடிப்பது இன்னொன்று.

நுழைவதற்கு மணிக்கு ஒரு மில்லிமீற்றர் என்று பாடமாக்கி வைத்திருப்போம். 1941இல் பீற்றர் மெடவார் காட்டியபடி, ஆழம் நேரத்தின் வர்க்கமூலத்தோடுதான் கூடுகிறது. அதாவது இரண்டு மடங்கு ஆழத்துக்கு நான்கு மடங்கு நேரம். தடித்த உறுப்பு ஒன்றை முழுதாகப் போட்டுவிட்டு இரவு முழுக்கக் காத்திருந்தாலும் நடுப்பகுதி பச்சையாகவே இருக்கும் என்பது இதனால்தான். பெரிய உறுப்பைத் திறக்கவோ கீறவோ வேண்டும். எங்கே கீறுவது என்பதை வைத்தியரோ நோயியல் நிபுணரோ தீர்மானிக்க வேண்டும், வோட்டில் நீங்களாகக் கத்தி வைக்க வேண்டாம். ஓரம் எது, மேல் எது என்ற அடையாளம் போய்விட்டால் கட்டி முழுதாக அகற்றப்பட்டதா என்றே சொல்ல முடியாது.

பிடிப்பது இன்னும் மெதுவானது. நீரில் கரைந்த போமல்டிஹைட்டில் பெரும்பகுதி நீரோடு சேர்ந்து மெதிலீன் கிளைக்கோலாக நிற்கிறது. அது வேகமாக உள்ளே போகும், ஆனால் பாலம் போடாது. பாலம் போடும் போமல்டிஹைட் கொஞ்சம்தான் இருக்கிறது, அது செலவாகச் செலவாகத்தான் மீதி மாறி வரும். ஆகவே திரவம் நடுவரை போய்ச் சேர்ந்தது என்பதாலேயே வேலை முடிந்ததாகாது.

மார்பகப் புற்றுநோயில் ஓமோன் ஏற்பிகளையும் எச்இஆர்2 என்ற புரதத்தையும் பார்ப்பதற்கு அமெரிக்க வழிகாட்டலில் ஒரு எல்லை இருக்கிறது: எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் போமலினில், அதன்பின் 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மேற்படாமல். குறைந்தால் ஏற்பி இல்லை என்று பொய்யாகக் காட்டலாம், அப்படியானால் கிடைக்க வேண்டிய மருந்து நோயாளிக்குக் கிடைக்காமல் போகும். இப்போது கணக்குப் போடுங்கள். வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு எடுத்த துண்டு, திங்கள் போயா விடுமுறை, செவ்வாய் காலை 9 மணிக்கு ஆய்வுகூடம் திறக்கிறது. 90 மணி நேரம். நீண்ட விடுமுறைக்கு முதல் நாள் மார்பகச் சத்திரசிகிச்சை இருந்தால் ஆய்வுகூடத்துக்கு முன்கூட்டியே ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள். எடுத்த நேரத்தையும் போமலினில் போட்ட நேரத்தையும் படிவத்தில் எழுதுங்கள். அந்தக் கட்டங்கள் வெறுமையாக வருவதுதான் எனக்கு அதிக எரிச்சல் தருவது.

அதிகம் ஊறிய துண்டு முற்றாக வீண் அல்ல. 1991இல் இருந்து, சீவலைச் சூடாக்கி மறைந்த அடையாளங்களை மீட்கும் முறை இருக்கிறது. ஆனால் ஊறாமல் கெட்டதை மீட்க எந்த முறையும் இல்லை. முழு மூளைக்கு மட்டும் கணக்கே வேறு: நூலில் கட்டிப் போமலினில் தொங்கவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

போமலின் முடிந்துவிட்டது, துண்டு கையில் இருக்கிறது. என்ன செய்வது?

சேலைனில் நனைத்துப் பிழிந்த கோஸில் சுற்றி, மூடிய கொள்கலனில் போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் 4 பாகையில் வைத்து, போமலின் தேடி ஆளை அனுப்புங்கள். மேலே ஐஸ் உறையும் பகுதியில் வைக்க வேண்டாம், பனிப்பளிங்குகள் கலங்களைக் கிழித்துவிடும். குழாய்த் தண்ணீரும் வேண்டாம், கலங்கள் ஊதி வெடிக்கும். நீண்ட நேரம் கிடைக்காது என்றால் 70 வீத அற்ககோல் ஒன்றுமில்லாததற்கு மேல். அப்படிச் செய்திருந்தால் படிவத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள், சரிதானே?

எவற்றைப் போமலினில் போடவே கூடாது?

கிருமி வளர்த்துப் பார்க்க அனுப்பும் துண்டு. காசநோய் என்று சந்தேகித்து எடுத்த நிணநீர்க் கணுவை முழுதாகப் போமலினில் போட்டால் கிருமி செத்துவிடும், வளர்ப்பு முடிவு இராது. பாதியைக் கிருமிநீக்கிய சேலைனில் வைக்க வேண்டும். சத்திரசிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே முடிவு கேட்டு அனுப்பும் துண்டும் பச்சையாகத்தான் வர வேண்டும். தோல், சிறுநீரகம் ஆகியவற்றை ஒளிரும் பிறபொருளெதிரியால் பார்ப்பதானால் மிக்கேல் திரவம் என்ற தனிக் கரைசல் வேண்டும். கௌட் நோயின் யூரேற்றுப் பளிங்குகள் நீரில் கரைந்துவிடும், அவற்றுக்குத் தூய அற்ககோல். கருப்பைக் கழுத்துப் பூச்சு என்றால் பூசியவுடன், காயவிடாமல், 95 வீத எதனோல். காய்ந்த பூச்சில் கலங்கள் ஊதிப்போய்த் தெரியும்.

இரத்தப் பூச்சில் கலங்களுக்குள் பளபளவென்று ஓட்டை தெரிகிறது, ஏன்?

பெரும்பாலும் மெதனோலில் நீர் சேர்ந்திருக்கும். மெதனோல் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். வாடைக்காற்று மாதங்களில், கடலோர ஊரில், மூடி திறந்தபடி இருக்கும் ஜாடியில் ஒரு நாளிலேயே பழுதாகலாம். சிறு போத்தல்களில் பிரித்து வைத்து, பாவிக்கும் ஜாடியை அடிக்கடி மாற்றுங்கள். மலேரியாவுக்கான தடித்த பூச்சை மட்டும் மெதனோலில் வைக்காதீர்கள். அதில் செங்குருதிக் கலம் உடைய வேண்டும், நிலைத்தால் உடையாது.

அலுமாரியில் மஞ்சள் பொடியாக ஒரு பழைய பிக்ரிக் அமிலப் போத்தல் இருக்கிறது, பாவிக்கலாமா?

தொடாதீர்கள். மூடியைத் திருக வேண்டாம், குலுக்க வேண்டாம், இடம் மாற்றவும் வேண்டாம். அறையைப் பூட்டிவிட்டு, வெடிபொருள் கையாளத் தெரிந்தவர்களை அழைக்கப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.

பிக்ரிக் அமிலம் எப்போதும் நீர் சேர்த்து ஈரமாக வைக்க வேண்டிய பொருள். காய்ந்தால் வெடிமருந்து. உலோகத்தோடு சேர்ந்து உண்டாகும் உப்புகள் இன்னும் பொல்லாதவை, மூடியின் புரியில் காய்ந்த துகள் உராய்வதே போதும். 1917 டிசம்பர் 6இல் கனடாவின் ஹலிபக்ஸ் துறைமுகத்தில் மொன்ற்-பிளாங் என்ற பிரெஞ்சுக் கப்பல் வெடித்து ஏறத்தாழ 1,800 பேர் இறந்தார்கள். அந்தக் கப்பலின் சரக்கில் பெரும்பங்கு பிக்ரிக் அமிலம். துறைமுக ஊர்க்காரர் நாங்கள், இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

இந்த அமிலம் ஆய்வுகூடத்துக்கு வந்தது பூவென் திரவத்துக்காக. 1897இல் போல் பூவென் தந்த கலவை: நிரம்பிய பிக்ரிக் அமிலக் கரைசல் 75 பங்கு, போமலின் 25, அசற்றிக் அமிலம் 5. விதைப்பைத் துண்டில் விந்து உருவாகும் படிகளைப் போமலினை விட அழகாகக் காட்டும். மஞ்சள் போகும்வரை அற்ககோலில் கழுவ வேண்டும். டிஎன்ஏ பரிசோதனை தேவைப்படும் என்றால் இதில் போடக்கூடாது. தயாரித்த கலவையாகவே வாங்குங்கள், பொடியை வாங்கி வைக்கும் காலம் போய்விட்டது.

பழைய நூலில் சென்கர் திரவம் என்று வருகிறதே?

அதில் பாதரசக் குளோரைட்டு இருக்கிறது. கரு மிகத் தெளிவாகத் தெரியும், அதை மறுக்க முடியாது. ஆனால் அந்தக் கழிவை எங்கே கொட்டுவது? கொட்டியாரக் குடாவுக்கோ தம்பலகாமக் குடாவுக்கோ போகவிடலாமா? படித்து வைத்திருங்கள், தயாரிக்க வேண்டாம்.

இலத்திரன் நுணுக்குக்காட்டிக்கு?

2.5 வீதம் அளவுக் குளூற்றரல்டிஹைட், பிறகு ஒசுமியம் நாலொட்சைட்டு. துண்டு ஒரு மில்லிமீற்றருக்கு மேல் இருக்கக் கூடாது, ஏனெனில் குளூற்றரல்டிஹைட் மிக மெதுவாகத்தான் உள்ளே போகும்.

போமலினை யார் முதலில் இதற்குப் பாவித்தது?

பிராங்பேர்ட் வைத்தியர் பேர்டினண்ட் புளூம், 1893இல். கிருமிநாசினியாகச் சோதித்துக்கொண்டிருந்தவர், தன் விரல் தோல் இறுகியதைக் கவனித்து இழையத்தில் போட்டுப் பார்த்தார். அவர் கையுறை போட்டிருந்தால் நமக்கு என்ன ஆகியிருக்குமோ! நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

போமலின் புற்றுநோய் தரும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் போமல்டிஹைட்டை முதலாம் தொகுதியில், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருட்களோடு வைத்தது. மூக்குத்தொண்டைப் புற்றுநோய்தான் அப்போது காட்டப்பட்ட முக்கியச் சான்று. நாளாந்தம் ஆவியைச் சுவாசிக்கிறவர்களுக்குத்தான் பெரிய ஆபத்து. ஒரு போத்தலைச் சுமந்து சென்ற உறவினர் பயப்படத் தேவையில்லை.

பல வருடம் வேலை செய்தால் மணமே தெரியாது என்று பெருமையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். மூக்கு பழகிவிட்டது, அவ்வளவுதான். துணி முகமூடியும் சத்திரசிகிச்சை முகமூடியும் ஆவியைத் தடுக்காது. ஆவி உறிஞ்சும் கூண்டு இல்லாவிட்டால் ஜன்னல்களைத் திறந்து, காற்று உங்கள் முகத்துக்கு எதிராக வராதபடி நில்லுங்கள். கண்ணில் தெறித்தால் ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு வைத்தியரிடம் போங்கள். சிந்தியதைத் துடைக்கும்போது குளோரின் சேர்ந்த கழுவு திரவத்தை அதன்மேல் ஊற்ற வேண்டாம், நச்சு வாயு வரலாம்.

மீனுக்கும் போமலின் அடிக்கிறார்களாமே?

2018இல் கேரளாவில் அப்படிப்பட்ட மீனை அதிகாரிகள் கைப்பற்றியது உண்மை. அதற்காக நம் சந்தை மீனில் போமல்டிஹைட் தெரிந்தாலே யாரோ ஊற்றினார்கள் என்று முடிவு கட்ட முடியாது. கடல் மீனில் இயல்பாக உள்ள திரைமெதிலமைன் ஒட்சைட்டு உடைந்தும் சிறிதளவு போமல்டிஹைட் வரும். சந்தேகம் என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். இழைய ஆய்வுகூடத்துக்கு மீனைக் கொண்டுவர வேண்டாம். கொண்டு வருகிறார்கள்.

பவளப்பூச்சிகளை ஆராய விரும்புகிறேன், அதே போமலின் போதுமா?

முதலில், பவளம் இருக்கும் நம் புறாத்தீவு ஒரு தேசியப் பூங்கா. வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் ஒரு துண்டும் எடுக்க முடியாது. அனுமதி கிடைத்தால், போமலினைக் காய்ச்சி வடித்த நீருக்குப் பதில் வடிகட்டிய கடல்நீரில் கலக்குங்கள், உப்புச் செறிவு மாறினால் மென்மையான கலங்கள் சிதையும். உயிரி சுருண்டுகொள்ளாமல் இருக்க முதலில் மக்னீசியம் குளோரைட்டில் மயக்குவது வழக்கம். அமிலமான போமலின் சுண்ணாம்புக் கூட்டைத் தின்றுவிடும். கூட்டை அகற்ற வேண்டுமானால் நிலைப்படுத்தி முடித்த பிறகு தனியாகச் செய்யுங்கள். எலும்புத் துண்டுக்கும் இதே ஒழுங்குதான்: முதலில் போமலின், பிறகு அமிலம்.

போத்தலை எங்கள் கையிலேயே தந்து கொழும்புக்குக் கொண்டுபோகச் சொன்னால்?

மூடியை இறுக்கி, சுற்றி டேப் ஒட்டி, இரண்டு சொப்பிங் பைகளில் போட்டு, இடையில் உறிஞ்சும் துணி வைத்து, நிமிர்த்திக் கொண்டுபோங்கள். இரவுப் பேருந்தில் தலைக்கு மேலே உள்ள தட்டில் வைக்க வேண்டாம். ஐஸ் தேவையில்லை, போமலினில் விழுந்த துண்டு ஒரு இரவுப் பயணத்தில் கெட்டுப்போகாது. கசிந்துவிட்டால் தண்ணீர் ஊற்றி நிரப்பாதீர்கள். துண்டு நனைந்திருக்கும்படி பார்த்துக்கொண்டு, போய்ச் சேர்ந்ததும் சொல்லுங்கள். படிவம் வேறு பையில் இருக்கட்டும்.

வேறு வைத்தியரிடமும் கருத்துக் கேட்க விரும்புகிறோம். திரும்ப வெட்டி எடுக்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். போமலினில் நிலைத்து மெழுகுக் கட்டியில் பதித்த துண்டு பல வருடம் இருக்கும். 1918 இன்புளூவென்சாவில் இறந்த ஓர் அமெரிக்கச் சிப்பாயின் நுரையீரல் துண்டு இப்படித்தான் மெழுகில் கிடந்தது. 1997இல் ஜெப்ரி ரோபன்பேர்கரின் குழு அதிலிருந்து அந்த வைரசின் மரபணுத் துண்டுகளைப் படித்தெடுத்தது. உங்கள் மெழுகுக் கட்டிக்கு வயது சில மாதம்தான். மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்கோ வேறெங்கோ போவதானால், வைத்தியரின் கடிதத்தோடு ஆய்வுகூடத்தில் கேட்டு மெழுகுக் கட்டியையும் ஸ்லைட்டுகளையும் அறிக்கைப் பிரதியையும் கையொப்பமிட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். மெழுகு 56 முதல் 60 பாகையில் உருகும், ஆகவே வெயிலில் நிறுத்திய வானின் முன் கண்ணாடிக்கடியில் அதை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.